பருவம் ஏன் மாறுகிறது? மஃரிப் நேரம் ஏன் நகர்கிறது?



சென்ற ரமலானில் நம் ஊரில் சில வீடுகளில் ஒரு தவறு நடந்தது. டிவியில் சென்னை நேரப்படி பாங்கு ஒலித்ததும் நோன்பைத் திறந்துவிட்டார்கள். கஞ்சிக் கிண்ணம் பாதி காலியான பிறகுதான் நம் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. பத்துப் பன்னிரண்டு நிமிட வித்தியாசம். மறுநாள் ஹஜ்ரத்திடம் கேட்டபோது, சூரியன் மறையும் முன் திறந்த நோன்பைக் களா செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மார்க்கச் சட்டம் அத்தோடு தெளிவாகிவிட்டது.

ஆனால் அதன் பின் ஒரு கேள்வி நம்மிடம் வந்தது. "சென்னைக்கும் நமக்கும் எத்தனை நிமிடம் என்று ஒரே கணக்காகச் சொல்லிவிடுங்கள், கூட்டிக்கொள்கிறோம்" என்று ஒரு தாயார் கேட்டார்கள். அப்படி ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் 5 நிமிடம், டிசம்பரில் 16 நிமிடம் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். ஏன் மாறுகிறது என்று கேட்டால், வெயிற்காலமும் மழைக்காலமும் ஏன் வருகின்றன என்ற பாடத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதனால் இந்த இதழில் அந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

மாலை மதரஸாவில் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம்: கோடை ஏன் வருகிறது? பாதிப் பேருக்கு மேல் ஒரே பதில். "அப்போ பூமி சூரியனுக்குப் பக்கத்துல போயிரும்." பெரியவர்கள் சிலரும் தலையாட்டினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்பது போல இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உண்மை நேர் எதிர். பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமல்ல, மிகச் சிறிதளவு நீள்வட்டம். அதில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நாம் போர்வையைத் தேடும் மார்கழியில். அப்போது தூரம் சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.21 கோடி கிலோமீட்டர். தூரம்தான் காரணம் என்றால் ஜனவரியில் நாம் வெந்துபோக வேண்டும். அதோடு, நம் பக்கம் குளிரும் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கடும் கோடை. ஒரே பூமி, ஒரே தூரம், இரண்டு பருவம் என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அதைப் பார்க்க ஒரு எலுமிச்சம்பழமும் ஈர்க்குச்சியும் போதும். பழத்தின் நடுவே ஈர்க்கைக் குத்துங்கள். அறையின் நடுவில் ஒரு விளக்கை வையுங்கள். ஈர்க்கை நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்து, அதன் மேல்முனை ஒரு குறிப்பிட்ட சுவரை நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றி நடங்கள். எங்கே நின்றாலும் முனை அதே சுவரையே பார்க்க வேண்டும். பிள்ளைகள் தவறுவது இங்கேதான். நடக்க நடக்கக் கையையும் திருப்பிவிடுவார்கள். திருப்பாமல் ஒரு சுற்று வந்தால், ஓர் இடத்தில் பழத்தின் மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். நேர் எதிர்ப்புறம் போனால் அதே மேல்பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். யாரும் பழத்தை ஆட்டவில்லை. சாய்வு மாறாமல் இருப்பதால்தான் இந்த மாற்றம் வருகிறது.

பூமியின் சாய்வு சுமார் 23.4 பாகை. மேல்பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும் உச்ச நாள் ஜூன் 21. விலகிச் சாய்ந்திருக்கும் உச்ச நாள் டிசம்பர் 22. நடுவில் மார்ச் 20, 21-லும் செப்டம்பர் 22, 23-லும் இரண்டு பாதிக்கும் சமமாக ஒளி கிடைக்கிறது.

சாய்வு வெப்பத்தை எப்படி மாற்றுகிறது? டார்ச் லைட்டை நேர் கீழே தரையில் அடித்துப் பாருங்கள், சிறிய வட்டமாகப் பளிச்சென்று விழும். சரித்து அடித்தால் அதே ஒளி நீண்டு பரந்து மங்கும். சூரிய ஒளியும் அப்படித்தான். டிசம்பர் 22 நடுப்பகலில் நம் வயலில் ஒரு சதுர அடிக்கு விழும் வெயில், சூரியன் நேர் உச்சியில் இருக்கும் நாளைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே நாளில் லண்டனில் உச்சி வெயிலில் கிடைப்பதோ கால் பங்குதான். பகலின் நீளமும் குறையும். நமக்கு ஜூனில் பகல் சுமார் 12 மணி 42 நிமிடம், டிசம்பரில் 11 மணி 33 நிமிடம். லண்டனில் ஜூனில் சுமார் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை.

2018-இல் ரமலான் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை வந்தது நினைவிருக்கும். நமக்கு அப்போது நோன்பு ஏறக்குறைய 14 மணி நேரம். அங்கே இருந்த நம் உறவினர்கள் 18 மணி நேரத்துக்கும் மேல் நோன்பிருந்தார்கள். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகை வடக்கில் இருப்பதால் நமக்குக் கூடுதலும் குறைவும் சுமார் 70 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த வசதியை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இனி முற்றத்துக்கு வருவோம். மூன்றடி, அதாவது 36 அங்குல நீளமுள்ள நேரான குச்சி ஒன்றைச் சமதரையில் நடுங்கள். செங்குத்தாக இருக்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டால் சரிபாருங்கள். நடுப்பகலில் அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறியுங்கள். கடிகாரம் 12 காட்டும்போது அல்ல. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நம் உண்மையான உச்சிப்பொழுது சராசரியாக 12.20-க்கு வருகிறது. அதுவும் நிலையாக நிற்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.34 வரை தள்ளிப்போகும். லுஹர் வக்து ஆண்டுக்குள் அரை மணி நேரம் முன்பின் ஆவது இதனால்தான். சூரியனுக்கு அருகில் இருக்கும்போது பூமி தன் பாதையில் வேகமாக ஓடுகிறது, தொலைவில் மெதுவாகப் போகிறது. இந்த வேக மாற்றமும் அச்சின் சாய்வும் சேர்ந்து உச்சிப்பொழுதை இப்படி முன்னும் பின்னும் இழுக்கின்றன. செப்டம்பர் சமநாளிலிருந்து மார்ச் சமநாள் வரை 179 நாள், மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை 186 நாள் என்று ஆண்டு சமமில்லாமல் பிரிவதும் அந்த வேகத்தால்தான்.

குச்சியின் நிழலைப் பார்ப்போம். டிசம்பர் 22 நடுப்பகலில் நிழல் வடக்குப் பக்கமாக 24 அங்குலம் விழும். பிறகு நாளுக்கு நாள் குறையும். மார்ச் சமநாளில் சுமார் ஆறரை அங்குலம். ஏப்ரல் 16-ஐ ஒட்டிய நாட்களில் நிழலே இருக்காது, குச்சியின் காலடியில் ஒடுங்கிவிடும். அதன் பிறகு நடப்பதைத்தான் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். ஜூன் 21-இல் தெற்கே எட்டரை அங்குலம் வரை நீளும். பின் மீண்டும் சுருங்கி ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி மறையும், அடுத்து வடக்கே போகும். வடக்குப் பார்த்த திண்ணை உள்ளவர்களுக்கு இது தெரியும். வைகாசி, ஆனியில் உச்சி வெயில் அவர்கள் வாசலில் ஏறும். மார்கழியில் அந்தத் திண்ணையில் வெயிலே விழாது.

இந்த இரண்டு அளவுகளை வைத்து மதரஸாப் பிள்ளை ஒருவரே பூமியின் சாய்வைக் கண்டுபிடித்துவிடலாம். ஓர் அங்குலத்துக்கு அரை சென்டிமீட்டர் என்று தாளில் வரையுங்கள். குச்சிக்கு 18 செ.மீ. நிமிர்ந்த கோடு, டிசம்பர் நிழலுக்கு 12 செ.மீ. படுத்த கோடு. நிழலின் நுனியையும் குச்சியின் உச்சியையும் இணைத்து, உச்சியில் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் சுமார் 33½ வரும். ஜூன் நிழலுக்கு 4¼ செ.மீ. வரைந்தால் 13½-ஐ ஒட்டி வரும். இரண்டையும் கூட்டினால் 47, அதில் பாதி 23½. அதுதான் பூமியின் சாய்வு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 20, அதில் பாதி 10. அது ஜெயமங்கலம் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறது என்ற கணக்கு.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ரக்கா நகரில் வாழ்ந்த அல் பத்தானி இதே வழியில்தான் அளந்தார். கோடையின் உச்ச நாளிலும் குளிரின் உச்ச நாளிலும் நடுப்பகல் சூரியனின் உயரத்தைக் குறித்து, வித்தியாசத்தில் பாதி எடுத்தார். அவருக்குக் கிடைத்த விடை 23 பாகை 35 கலை. இன்றைய அளவு 23 பாகை 26 கலை. அவர் பிழைவிட்டார் என்று எண்ண வேண்டாம். சாய்வு மிக மெல்லக் குறைந்துவருகிறது, அவர் காலத்தில் அது உண்மையாகவே 23 பாகை 35 கலைதான். தொலைநோக்கி இல்லாத காலம் அது. நமக்குத் தலைக்கு மேலே கொடைக்கானலில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்துவரும் நிலையம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஏரிக்கும் பூங்காவுக்கும் கூட்டிப் போகிறோம், அந்த நிலையத்தின் வாசல் வரை எத்தனை பேர் போயிருப்போம்?

இப்போது ஒரு சந்தேகம் வரலாம். ஜூனில்தான் வட பாதி சூரியனை நோக்கி முழுதாகச் சாய்கிறது என்றால், நமக்கு ஏப்ரல், மே மாதங்கள் ஏன் அதிகம் சுடுகின்றன? பள்ளிப் புத்தகத்தில் உள்ள படம் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்குப் பொருந்துவது. நம் ஊரில் சூரியன் ஏப்ரல் நடுவிலேயே உச்சந்தலைக்கு வந்துவிடுகிறது. வானத்தில் மேகமும் இருக்காது. சித்திரை வெயில் என்று முன்னோர் சொன்னது சரியான கணக்கு. அதன்பின் சூரியன் இன்னும் வடக்கே போகிறது. வட இந்தியாவின் நிலப்பரப்பு காய்ந்து, அங்கே காற்று சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து ஓடிவருகிறது. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டி அது கேரளத்தில் இறங்கும். மலை அதன் மழையை அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது. மலையைத் தாண்டி நமக்கு வருவது மேகமும் காற்றும் கொஞ்சம் சாரலும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வேகமெடுப்பது அப்போதுதான்.

மழை அந்தப் பக்கம் பெய்தாலும் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. பென்னிகுக் கட்டி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை அந்தத் தென்மேற்குப் பருவ மழையைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குத் தருகிறது. அங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பியிருக்கிறது. சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் சம்பந்தம் செய்த வீடுகளில் ஜூன் பிறந்ததும் "தண்ணி திறந்துட்டாங்களா?" என்பதுதான் முதல் பேச்சு.

நம் வராக நதிக்கரைக் கணக்கு வேறு. செப்டம்பருக்குப் பின் சூரியன் தெற்கே இறங்கியதும் நிலம் ஆறுகிறது, காற்று திசை திரும்புகிறது. அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. நம் கண்மாய்களை நிரப்புவது பெரும்பாலும் அதுதான். ஆக, ஐரோப்பாவில் சாய்வு குளிரையும் வெயிலையும் மாற்றுகிறது என்றால், நம் பக்கம் அது முக்கியமாகக் காற்றைத் திருப்புகிறது. நமக்குப் பருவம் என்றால் அதுதான்.

சென்னைக் கணக்குக்குத் திரும்புவோம். சென்னை நமக்குச் சுமார் 2½ பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆகவே அங்கே சூரியன் பத்தரை நிமிடம் முன்னால் உதித்து, பத்தரை நிமிடம் முன்னால் மறைய வேண்டும். சமநாட்களில் அப்படியே நடக்கிறது. ஆனால் சென்னை நம்மைவிட 3 பாகை வடக்கேயும் இருக்கிறது. ஜூனில் வடக்கே போகப் போகப் பகல் நீளும். சென்னைக்கு நம்மைவிட 11 நிமிடம் அதிகம், காலையில் பாதி, மாலையில் பாதி. எனவே மாலை வித்தியாசம் 5 நிமிடமாகக் குறைகிறது. டிசம்பரில் வடக்கே போகப் போகப் பகல் குறுகும். அதனால் வித்தியாசம் 16 நிமிடமாகக் கூடுகிறது. டிசம்பர் 22-இல் சென்னையில் சூரியன் 5.48-ஐ ஒட்டி மறையும், நமக்கு 6.04 ஆகும்.

இது இப்போது ஏன் முக்கியம்? ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு, சுமார் 354 நாள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் முன்னால் வந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று சுற்றிவிடும். 2018-இல் மே, ஜூனில் இருந்தது 2026-இல் பிப்ரவரி, மார்ச்சுக்கு வந்துவிட்டது. 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் தொடங்கும். அதாவது வரும் ஆண்டுகளில் சென்னைக்கும் நமக்கும் உள்ள மஃரிப் இடைவெளி கூடிக்கொண்டே போகும். மே மாத நோன்பில் சென்னை டிவியைப் பார்த்துத் திறந்தவர் ஆறு நிமிடம் தவறினார் என்றால், 2030-இல் அதே பழக்கம் கால் மணி நேரத் தவறாகும். ஸஹரில் இதே பழக்கம் ஆபத்தில்லை, அங்கே விடியல் முன்னால் வருவதால் சீக்கிரம் நிறுத்திக்கொள்வோம், அவ்வளவுதான். மாலையில்தான் நோன்பே போகிறது. செல்போனில் நேரம் பார்ப்பவர்கள் ஊர் பெயர் சென்னை என்று இருக்கிறதா, நம் பகுதியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளியூரிலிருந்து இலவசமாக வந்த காலண்டருக்கும் இதே எச்சரிக்கைதான்.

மலை அடிவாரத்தில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. போடி, கம்பம், கூடலூர் பக்கம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். அது மறைவல்ல, மலை மறைத்திருக்கிறது, அவ்வளவே. கிழக்கு மலையின் உச்சியில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்தாலே தெரியும். அட்டவணை நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

அஸருக்கும் இந்த நிழல்தான் அளவு. ஷாஃபிஈ மத்ஹபில் பொருளின் நிழல் அதன் உயரம் அளவும், ஹனஃபீ மத்ஹபில் இரு மடங்கும் ஆக வேண்டும். இரண்டிலும் உச்சிப்பொழுதில் ஏற்கனவே இருந்த நிழலைத் தனியாகக் கூட்ட வேண்டும். நம் மூன்றடிக் குச்சிக்கு ஏப்ரல் நடுவில் கூட்ட ஒன்றுமில்லை, 3 அடியும் 6 அடியும்தான். டிசம்பரில் இரண்டடியைக் கூட்டி 5 அடியும் 8 அடியும் ஆகும். இதைக் கூட்டாமல் விட்டால் குளிர்காலத்தில் வக்து வரும் முன்பே அஸர் தொழுதவராகிவிடுவோம்.

சாய்வால் வரும் இன்னொரு பயனையும் குறித்துக்கொள்ளுங்கள். மக்கா 21.4 பாகை வடக்கே இருக்கிறது. சாய்வின் எல்லையான 23.4-க்கு உள்ளே இருப்பதால், சூரியன் ஆண்டில் இருமுறை கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. மே 28-ஐ ஒட்டி நம் நேரம் பகல் 2.48-க்கு, ஜூலை 16-ஐ ஒட்டி பகல் 2.57-க்கு. அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. நட்ட குச்சியின் நிழல் நுனியிலிருந்து குச்சியை நோக்கி ஒரு கோடு போட்டால் அது கஅபாவை நோக்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்த்தால் போதும். ஜூலையில் மேகம் மூடிவிடலாம், மே மாதமே நல்லது. புது வீடு கட்டித் தொழுகை அறைக்குத் திசை பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளை விட்டுவிடாதீர்கள். இரண்டொரு நாள் முன்பின் ஆனாலும் அதே நேரத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது.

மதரஸா முற்றத்தில் மூன்றடிக் குச்சி ஒன்றை நட இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மாதம் ஒருமுறை, 21 அல்லது 22-ஆம் தேதி நடுப்பகலில் நிழலை அளந்து நோட்டில் எழுதிவைக்கும் பொறுப்பை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். பள்ளிக்கூட நாளாக இருந்தால் வீட்டில் இருக்கும் தாய்மார்கள் யாராவது வந்து அளந்து கொடுத்தால் போதும். பன்னிரண்டு அளவுகள் சேர்ந்ததும் அவற்றை இந்த இதழில் அப்படியே வெளியிடுவோம்.